நிறைவளவும் வஃபாத்தும்



நம்முடைய கணக்கேட்டைத் திறந்து பார்த்தால் அதில் அறபு மொழி நிரம்பிக் கிடக்கிறது. பாக்கி என்று எழுதுகிறோம், அது அறபு. வசூல் என்கிறோம், அதுவும் அறபு. அசல், ஜாமீன், வாரிசு ஆகிய மூன்றும் அங்கிருந்து வந்தவையே. முஸ்லிமல்லாத வணிகரும் இச்சொற்களை நம்மைப் போலவே வழங்குகிறார்கள். வேற்றுமொழிச் சொல் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஏட்டில் இடம் பெறாமல், வீட்டு வாசலிலும் பள்ளிவாசலிலும் மட்டும் நம்மவர் வழங்கும் அறபுச் சொல் ஒன்றுண்டு. ‘இன்னார் வஃபாத்தாகிவிட்டார், லுஹருக்குப் பின் ஜனாஸா’ என்று செய்தி வருகிறதல்லவா, அந்த ‘வஃபாத்து’ என்ற சொல்லையே குறிப்பிடுகிறோம். மரணத்தை மரியாதையாகச் சொல்லும் சொல் என்பதற்கு மேல் அதைப் பற்றி நாம் நெடுங்காலம் சிந்தித்ததில்லை. உண்மையில் அது கணக்கேட்டின் சொந்தச் சொல். தராசுக்கும் படிக்கும் கடனுக்கும் வழங்கும் அதே வேரிலிருந்துதான் அது முளைத்திருக்கிறது. அதை இயன்றவரை இங்கே விளக்க முற்படுகிறோம்.

நாம் ஆலிம் அல்லர். சிறு வயதில் மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் ஆறு வகுப்புப் படித்ததும் தவிர நமக்கு வேறு படிப்பில்லை. பிறகு கடையே நமக்குப் பள்ளிக்கூடம். கற்றறிந்தோர் பிழை காணின் பொறுத்துத் திருத்துவார்களாக. இருந்தும் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்வோம்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அறபியின் ஃபே என்ற ஓசைக்குத் தமிழில் தனி எழுத்தில்லை. ஆதலின் நம் முன்னோர் ‘வபாத்து’ என்றே எழுதினார்கள். இன்றும் பலர் அப்படியே எழுதுகிறார்கள். அதில் குற்றமில்லை என்றாலும் ஒரு குழப்பம் உண்டு. அறபியில் பேயும் ஹம்ஸாவும் சேர்ந்த ‘வபா’ என்றொரு சொல் இருக்கிறது. அதன் பொருள் கொள்ளைநோய். மலாய்க்காரர்கள் ‘வாபாக்’ என்று சொல்வது இதனையே. 2020ஆம் ஆண்டில் நாம் அனைவரும் நாள்தோறும் கேட்டு அலுத்த சொல் அது. ஃபே வரும் ‘வஃபா’வோ வாக்குத் தவறாமையைக் குறிப்பது, பெண் குழந்தைகளுக்குப் பெயராகவும் வைக்கிறார்கள். இரண்டையும் தமிழில் ‘வபா’ என்றே எழுதினால், பெற்ற பிள்ளைக்குக் கொள்ளைநோய் என்று பெயர் வைத்ததாக அல்லவா முடியும்! அறபுத்தமிழில் எழுதிய காலத்தில் இந்த இடர்ப்பாடு இல்லை. இதுபோலவே தௌஃபீக், வக்ஃபு ஆகிய சொற்களும் காதுக்கு ஒத்திருப்பதால் இனத்தார்போலத் தோன்றும். ஆனால் அவற்றின் வேர் வேறு. இந்தக் குடும்பத்தில் அவற்றுக்குப் பங்கில்லை.

நமது சொல்லின் வேர் வாவ், ஃபே, யே என்னும் மூன்று எழுத்துக்கள். அறபியில் பெரும்பாலான சொற்கள் இவ்வாறு மூன்றெழுத்து வேரிலிருந்தே கிளைக்கின்றன என்பது ஓதியவர்களுக்குத் தெரியும். ஸர்ஃபு உஸ்தாது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அதை ‘ஃபஅல’ என்னும் படிக்கல்லுக்கு எதிரே வைத்து நிறுத்துப் பார்ப்பார். சொல்லின் வாய்பாட்டுக்கு அறபியில் ‘வஸ்ன்’ என்று பெயர். வஸ்ன் என்றால் எடை. நாம் ஓதிய ஸர்ஃபுக் கிதாபின் பெயரே ‘மீஸான்’, அதாவது தராசு. இலக்கணத்தையே தராசில் வைத்துப் படித்த நாம், கடையில் தராசின் முன் நிற்கும்போது அந்தப் படிப்பை மறந்துவிட்டோம் என்பது வேறு விஷயம்.

வாவும் யேயும் இலக்கணத்தில் ‘இல்லத்’ எழுத்துக்கள் எனப்படும். இல்லத் என்றால் நோய். இடத்துக்கு இடம் மெலியும், மாறும், சில சமயம் மறைந்தே போகும். நமது வேரில் முதல் எழுத்தும் நோயாளி, கடைசி எழுத்தும் நோயாளி. நடுவில் நிற்கும் ஃபே ஒன்றே திடகாத்திரமானது. ஆகவே ‘நீ வாக்கை நிறைவேற்று’ என்று ஒருவனுக்குக் கட்டளையிடும்போது இரண்டு பக்கமும் உதிர்ந்துபோய் ‘ஃபி’ என்ற ஒற்றை எழுத்தே மிஞ்சும். அறபியில் இதைவிடச் சுருங்கிய ஏவல் இருக்க முடியாது. மதரஸாவில் யாராவது மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு நழுவினால் நாங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு ‘ஃபி, ஃபி’ என்று கூச்சலிடுவோம். உஸ்தாது பிரம்பை எடுத்துக்கொண்டு வருவார்; ஆனால் சிரித்துக்கொண்டே வருவார்.

இந்த வேரின் அடிப்படைப் பொருள் ‘குறைவின்றி நிறைதல்’ என்பதாகும். பறவைக் குஞ்சின் இறகு வளர்ந்து முழுநீளம் அடைந்துவிட்டால் அறபியர் அந்த இறகு ‘வஃபா’ ஆயிற்று என்பர். நிறை குறையாத திர்ஹம் ‘வாஃபி’. காசின் விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுகிறவர்கள் இருந்த உலகத்தில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்பதை வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை. வாக்குக் கொடுத்து அதைக் குறைவின்றி முடித்துக் கொடுப்பதும் வஃபாவே. ஆகவே, இன்று சினிமாப் பாட்டுக்களில் காதலுக்கு மட்டும் உரியதுபோல் வழங்கும் இந்தச் சொல், முதலில் இறகும் காசும் அளந்த சொல் என்க.

இனி அதன் கிளைகளுக்கு வருவோம். வியாபாரிக்கு முதலில் வேண்டியது ‘அவ்ஃபா’ என்பது. பிறருக்கு நிறைவாகக் கொடுத்தல் என்பது அதன் பொருள். திருக்குர்ஆனில் இந்தச் சொல் அளவையோடும் வருகிறது; ஒப்பந்தத்தோடும் வருகிறது; நேர்ச்சையோடும் வருகிறது. பனீ இஸ்ராயீல் என்னும் சூராவில் 34ஆம் ஆயத்தின் முடிவில் கொடுத்த வாக்கை நிறைவேற்றுமாறு ஏவப்படுகிறது. அடுத்த 35ஆம் ஆயத்து, அளக்கும்போது அளவையை நிறைவாக்குமாறும் நேரான தராசில் நிறுக்குமாறும் ஏவித் தொடங்குகிறது. இரண்டுக்கும் வினைச்சொல் ஒன்றே. தமிழில் ஒன்றை ‘நிறைவேற்று’ என்றும் மற்றதை ‘நிறைய அள’ என்றும் பிரித்துச் சொல்வதால் ஓதுகிறவருக்கு அந்த ஒற்றுமை தெரியாமல் போகிறது. அறபியில் கேட்பவருக்கோ இரண்டும் ஒரே காரியம். ஒரு கிலோ என்று விலைப்பலகையில் எழுதியதே ஒரு வாக்கு. தராசில் அதை வைப்பதே வாக்கை நிறைவேற்றுவது.

ஷுஐப் நபியவர்கள் மத்யன் வாசிகளிடம் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். அஃராஃப், ஹூத், ஷுஅரா என்ற மூன்று சூராக்களிலும் அந்தச் சம்பவம் வருகிறது. ஹூத் சூராவில் அந்த மக்கள் சொன்ன மறுமொழிதான் நமக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றுகிறது. எங்கள் பொருளை எங்கள் விருப்பப்படி செய்யக் கூடாதென்று உம்முடைய தொழுகையா உமக்குக் கட்டளையிடுகிறது என்று அவர்கள் பரிகாசமாகக் கேட்டார்கள். தொழுகை பள்ளிவாசலில், தராசு கடையில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதே அந்தக் கேள்வியின் தாத்பரியம். அந்தக் கேள்வியை வாயால் கேட்கும் துணிவு இன்று நமக்கில்லை. ஆனால் ஜும்ஆ முடிந்து வந்து ஈரக் கருவாட்டைத் தட்டில் போடும்போது நம்மில் சிலருடைய கை கேட்கிறது.

யூசுஃப் நபியவர்கள் மிஸ்ரில் தானியப் பொறுப்பில் இருந்தபோது, தாம் அளவையை நிறைவாகக் கொடுப்பதைச் சகோதரர்களுக்கு எடுத்துக்காட்டியதும் இந்தச் சொல்லைக் கொண்டே. பின்னர் அதே சகோதரர்கள் அற்பச் சரக்கோடு வந்து, எங்களுக்கு அளவையை நிறைவாக்குங்கள், எங்கள்மீது தர்மமும் செய்யுங்கள் என்று வேண்டினார்கள். நிறைவளவு வேறு, தர்மம் வேறு என்று பிரித்தே கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். நாம் போடும் கொசுறு தர்மம். கொசுறு போடுவதால் எடைக் குறைவு நிறைவாகிவிடாது.

நம் வாப்பா காலத்தில் கடையில் டாச்சிங் தராசுதான். கட்டியும் தாயிலும் வழக்கில் இருந்தன; 16 தாயில் 1 கட்டி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 605 கிராம். மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பின் படிப்படியாகக் கிலோ வந்தது. டாச்சிங் கோலின் நுனி வாங்குகிறவர் பக்கம் சற்று உயர்ந்து நிற்க வேண்டுமென்பது வாப்பாவின் பழக்கம். நிறுப்பவரிடம், நிறுத்துச் சற்றுத் தாழவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீது இருக்கிறதல்லவா, அதை வாப்பா கோலில் பார்த்தார்கள். இப்போது எல்லாம் மின்தராசு. ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து முத்திரையும் வைக்கிறார்கள். முத்திரை தராசுக்குத்தான், கூடையின் எடையைக் கழிக்காமல் பொத்தானை அமுக்கும் விரலுக்கு யாரும் முத்திரை வைப்பதில்லை.

நிற்க. அடுத்த கிளை ‘இஸ்தவ்ஃபா’. இஸ்திக்ஃபார் என்றால் மன்னிப்பைக் கேட்பது என்று நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும். அந்த ‘இஸ்தி’தான் இங்கும் முன்னால் நிற்கிறது. நமக்கு வரவேண்டியதை நிறைவாகக் கேட்டு வாங்குதல் என்பது இதன் பொருள். இது ஒரு குற்றமா என்றால் இல்லை. வரவேண்டியதை வாங்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் முதஃப்ஃபிஃபீன் சூராவின் தொடக்கத்தில், அளவில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று எச்சரித்த பிறகு, அவர்கள் யார் என்பதற்கு இரண்டே அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. பிறரிடம் அளந்து வாங்கும்போது இஸ்தவ்ஃபா செய்வார்கள். பிறருக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைப்பார்கள். வாங்கும் கைக்கு ஒரு படி, கொடுக்கும் கைக்கு வேறொரு படி. இரண்டும் சேரும் இடத்திலேதான் கேடு.

இந்தச் சூராவை நாம் எத்தனையோ தடவை ஓதியிருக்கிறோம். படியில் மோசம் செய்கிற யாரோ சிலரைப் பற்றியது, நமது கடைத் தராசு சரியாக இருக்கிறது, ஆகவே நம்மைப் பற்றியதல்ல என்ற எண்ணத்திலேயே இருந்தோம். முதலில் சொல்வதாகச் சொன்ன காரணத்தை இங்கே சொல்ல வேண்டும்.

நமது கடையில் 15 வருஷமாகச் சாமான் எடுத்து வந்த பெரியவர் ஒருவர், ரொட்டி சானாய்க் கடை வைத்திருந்தவர், வஃபாத்தானார். மாவு, சீனி, நெய், டின்பால் எல்லாம் கடனுக்குத்தான். வாரம் ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவார். அவரிடம் ‘புக்கு தீகா லீமா’ என்று மலாய்க்காரர் சொல்லும், அட்டையில் 555 போட்ட சின்ன நோட்டு இருக்கும். நமது ஏட்டிலும் எழுதி, அதிலும் எழுதிக் கொடுப்போம். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய மகன் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஏட்டைப் பார்த்து 437 வெள்ளி என்றோம். அவர் சற்றுத் தயங்கி, “மாமா, போன வாரம் கொஞ்சம் கட்டிட்டதா வாப்பா உம்மாகிட்டச் சொன்னாங்களாம். இன்னொரு தரம் பார்த்துச் சொல்லுங்களேன்” என்றார். நாம் ஏட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, “இருந்தா எழுதியிருக்குமே தம்பி. வந்ததை வரவு வைக்காம விடுவோமா?” என்றோம். அவர் வேறு பேச்சுப் பேசாமல் 437 வெள்ளியையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். மையித்தின் கடன் தீர்ந்தது என்று நாமும் நிம்மதியாக இருந்தோம்.

நாலு மாதம் கழித்து றமளான் வந்தது. ஸகாத்துக் கணக்குப் பார்ப்பதற்காகக் கல்லாவின் அடித்தட்டைக் கவிழ்த்தபோது, பிஸ்கோத்துப் பெட்டியின் அட்டைத்துண்டு ஒன்று விழுந்தது. அதில் நமது கையெழுத்தில் அந்தப் பெரியவரின் பெயரும் 60 என்ற எண்ணும் தேதியும் இருந்தன. தேதி ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போகும் அவசரத்தில் பணத்தைக் கல்லாவில் போட்டு, வந்து எழுதிக்கொள்ளலாம் என்று அட்டையில் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறோம். பிறகு மறந்தே போனோம்.

படியைக் குறைக்கவில்லை, தராசைத் தட்டவில்லை. இஸ்தவ்ஃபா மட்டும் ஒழுங்காக நடந்திருக்கிறது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பழைய கிதாபுகளை எடுத்து இந்த வேரை முதலிலிருந்து பார்க்கலானோம். அப்போதுதான் வஃபாத்து என்ற சொல் நம் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தது.

மரணத்தைக் குறிக்கும் கிளை ‘தவஃப்ஃபா’. முழுமையாகத் தன் கையில் எடுத்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். கடன்காரனிடமிருந்து தன் பொருள் முழுவதையும் மீட்டுக்கொண்டவனுக்கும் அறபியில் இந்தச் சொல் வழங்கும். ஆகவே ஒருவர் வஃபாத்தானார் என்பதன் நேர்ப்பொருள் ‘அவர் முடிந்துபோனார்’ என்பதல்ல. ‘அவர் முழுமையாக வாங்கிக்கொள்ளப்பட்டார்’ என்பதாகும். கொடுத்து வைத்தவன் அசலை எடுத்துக்கொண்டான். இறந்தவரை ‘முதவஃப்ஃபா’ என்று சொல்ல வேண்டும். எடுத்துக்கொள்ளப்பட்டவர் என்று பொருள். ‘முதவஃப்ஃபீ’ என்றால் எடுத்துக்கொள்பவன் என்றாகிவிடும். அறபு இலக்கணத்துக்கு அடிகோலியவராகச் சொல்லப்படும் அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் ஒரு ஜனாஸாவின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது ஒருவன், ‘முதவஃப்ஃபீ யார்?’ என்று பிழைபடக் கேட்டானாம். அவர், ‘அல்லாஹ்’ என்று மறுமொழி சொன்னாராம். இலக்கணத்தார் இந்தக் கதையை ஒரு ஸேரினால் அர்த்தம் எவ்வளவு மாறும் என்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். நமக்கோ கேட்டவனுடைய பிழையைவிட விடையின் உண்மை மனத்தில் நிற்கிறது.

உறக்கத்துக்கும் இதே சொல் வருவது இன்னொரு விசேஷம். உயிர்களை அவற்றின் மரண வேளையிலும், மரிக்காதவற்றை உறக்கத்திலும் அல்லாஹ் எடுத்துக்கொள்கிறான் என்றும், மரணம் விதிக்கப்பட்டதை நிறுத்திக்கொண்டு மற்றதை ஒரு குறித்த தவணை வரை திருப்பி அனுப்புகிறான் என்றும் ஸுமர் சூராவின் 42ஆம் ஆயத்தில் வருகிறது. ‘குறித்த தவணை’ என்பதற்கு அங்கே உள்ள சொல் ‘அஜலுன் முஸம்மா’. பகரா சூராவின் 282ஆம் ஆயத்தில் கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றிச் சொல்லும்போது, குறித்த தவணைக்குக் கடன்பட்டால் அதை எழுதிக்கொள்ளுங்கள் என்று வருகிறதே, அங்கும் ‘அஜலுன் முஸம்மா’வேதான். நாள்தோறும் காலையில் கண் விழிப்பது நீட்டிக் கொடுத்த தவணை என்று ஆகிறது.

அந்த 282ஆம் ஆயத்து திருக்குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து என்பது பலருக்கும் தெரியும். மார்க்கத்தின் மிக நீண்ட ஆயத்து கடன் சீட்டு எழுதும் முறையைப் பற்றியது என்று வியாபாரிகள் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. கடன்பட்டவர் சொல்ல, எழுதுகிறவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறியதாயினும் பெரியதாயினும் தவணையோடு எழுதுவதில் சலிப்படையக் கூடாது என்று அது விவரித்துக்கொண்டே போகிறது. சிறியதாயினும் என்ற இடத்துக்கு வந்தபோது நமது அட்டைத்துண்டு நினைவுக்கு வந்தது. 60 வெள்ளி சிறியதுதான்; அதனால்தான் ஏட்டுக்கு வராமல் அட்டையில் நின்றுவிட்டது.

அதற்கு முந்திய 281ஆம் ஆயத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அல்லாஹ்விடம் மீட்டப்படும் ஒரு நாளைப் பயந்துகொள்ளுமாறும், அன்று ஒவ்வோர் ஆத்மாவுக்கும் அது சம்பாதித்தது நிறைவாகக் கொடுக்கப்படும் என்றும் அது சொல்கிறது. கொடுக்கப்படும் என்பதற்கு அங்கே உள்ள சொல் ‘துவஃப்ஃபா’. ஸபர், பேஷ் அடையாளங்களை நீக்கிவிட்டு வெறும் எழுத்தாக எழுதிப் பாருங்கள். தே, வாவ், ஃபே, யே. மேலே மரணத்துக்குச் சொன்ன ‘தவஃப்ஃபா’வுக்கும் இதே நாலு எழுத்துக்கள்தாம். முதல் எழுத்தின்மேல் ஸபர் வைத்தால் எடுத்துக்கொண்டான். பேஷ் வைத்தால் நிறைவாகக் கொடுக்கப்படும். பற்றும் வரவும் ஒரே எழுத்தில் அடங்கியிருக்கின்றன. ஆலு இம்றான் சூராவின் 185ஆம் ஆயத்திலும் இவ்வாறே, ஒவ்வோர் ஆத்மாவும் மரணத்தைச் சுகிக்கும் என்றதை அடுத்து, உங்கள் கூலி மறுமை நாளில் நிறைவாகக் கொடுக்கப்படும் என்று நமது வேர் வருகிறது. நூர் சூராவில் தாகித்தவன் கானலைத் தண்ணீர் என்று எண்ணி ஓடிவரும் உவமையிலோ, ஓடி வந்தவன் அங்கே தண்ணீரைக் காணாமல், தன் ஹிஸாபு நிறைவாகத் தீர்க்கப்படுவதையே காண்கிறான். பாலைவனத்து நடுவில் கணக்கேடு!

இனி ஹதீதுக்கு வருவோம். புகாரி ஷரீஃபில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது ஒன்றில் இந்த வேர் மூன்று முறை வருவதைக் கண்டு நாம் வியந்துபோனோம். ஆரம்ப காலத்தில் கடன்பட்டு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டால், அவர் தம் கடனுக்கு ஏதாவது விட்டுச் சென்றிருக்கிறாரா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரிப்பார்கள். இறந்தவரைக் குறிக்க அங்கே உள்ள சொல் ‘முதவஃப்ஃபா’. கடனை நிறைவாக அடைக்கப் பொருள் இருக்கிறது என்று சொல்லப்பட்டால் தொழவைப்பார்கள். அந்த நிறைவுக்கு அங்கே ‘வஃபா’ என்றே சொல். இல்லையென்றால் உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுதுகொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் விட்டுவிடுவார்கள். பிற்பாடு வெற்றிகள் கிடைத்து வசதி வந்தபோது, மூமின்களில் யார் கடனோடு வஃபாத்தானாலும் அதைத் தீர்ப்பது நம் பொறுப்பு, பொருளை விட்டுச் சென்றால் அது வாரிசுகளுக்கு என்று அறிவித்தார்கள். வஃபாத்தானால் என்பதற்கு ‘துவுஃப்ஃபிய’. ஆக, எடுத்துக்கொள்ளப்பட்டவர் ஒரு பக்கம், அவர் நிறைக்க வேண்டியது மறுபக்கம். இரண்டும் ஒரே வேர்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், மையித்தோடு யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள் என்று நம் பள்ளிவாசல்களில் கேட்பது இதன் தொடர்ச்சிதான். அந்த அறிவிப்பைக் கேட்டுக் கடன் கொடுத்தவர்கள் எழுந்து வருகிறார்கள், நியாயம். மையித்துக்கு நாம் கொடுக்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்தவரை நாம் இதுவரை கண்டதில்லை. கொடுக்கல் வாங்கல் என்ற சொல்லில் இரண்டும் இருக்க, நம் காதில் ஒன்றுதான் விழுகிறது.

கடன் தீர்ந்த பிறகே வாரிசுப் பங்கு என்பது நிஸா சூராவின் சட்டம். பெரியவருடைய பெற்றோர் முன்னரே காலமானவர்கள். மனைவியும் ஒரு மகனும் இரண்டு பெண்மக்களும் இருந்தார்கள். நாம் தவறாக வாங்கிய 60 வெள்ளியைப் பங்கிட்டுப் பார்த்தோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 7 வெள்ளி 50 காசு. மிச்சம் 52 வெள்ளி 50 காசில் மகனுக்குப் பாதி, 26 வெள்ளி 25 காசு. பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 13 வெள்ளி 12½ காசு. இளையவள் பத்து வயதுப் பிள்ளை, எத்தீம். ஓர் எத்தீமின் 13 வெள்ளியே சொச்சம் நாலு மாதமாக நமது கல்லாவில் கிடந்து, சீனி வாங்கவும் மாவு வாங்கவும் புரண்டிருக்கிறது. 60 வெள்ளி சிறியது என்று நினைத்த மனம் இந்த 13 வெள்ளியைக் கண்டதும் நடுங்கியது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு ஓர் ஒட்டகம் தரவேண்டியிருந்தது. அவர் வந்து கேட்டபோது, அதே வயதுடையது கிடைக்காமல் அதைவிட உயர்ந்த ஒட்டகத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டவர், எனக்கு நிறைவாகத் தந்தீர்கள், அல்லாஹ் உங்களுக்கு நிறைவாகத் தருவானாக என்று வாழ்த்தினார். இரண்டு இடத்திலும் ‘அவ்ஃபா’. கடன் திரும்பக் கிடைத்தவர் சொல்வதற்கு இத்தனை அழகான துஆ இருக்கையில், நாம் அன்று அந்தப் பிள்ளையிடம் ரசீது மட்டும் கொடுத்தனுப்பினோம்.

மகன் ஈப்போவில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மறுநாள் பஸ் ஏறிப் போய், தங்கியிருந்த இடத்தை விசாரித்துக் கண்டுபிடித்து, அட்டைத்துண்டையும் பணத்தையும் அவர் முன்னால் வைத்தோம். நடந்ததைச் சொன்னோம். அவர் அட்டையை வாங்கி அதிலிருந்த தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “உம்மா அப்பவே சொன்னாங்க மாமா. நான்தான் ஏட்டுல இல்லையேன்னு அவங்களச் சத்தம் போட்டுட்டேன்” என்றார். நமக்கு வாய் வரவில்லை.

பிறகு உள்ளே போய், வாப்பாவின் அந்த 555 நோட்டை எடுத்து வந்தார். நாம் கடைசியாக 437 வசூல் என்று எழுதிக் கோடு போட்டிருந்த பக்கத்தைத் திறந்து, கோட்டுக்குக் கீழே அன்றைய தேதியையும் 60 என்ற எண்ணையும் எழுதி, பேனாவை நம்மிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டோம்.